கைத்தொலைபேசி வழி வரும் மோசடிகள்: மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்

இப்பாடம் பல்கலைக்கழகத்தில் கற்கும் மலையக மாணவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவிட்டுத் தோட்டத்தில் காத்திருக்கும் பெற்றோருக்காகவும் எழுதப்படுகிறது. இளைஞர் மன்றங்கள், மாதர் சங்கங்கள், மாணவர் ஒன்றியங்கள் ஆகியன இதனை ஒன்றரை மணிநேரக் கூட்டமொன்றில் பயன்படுத்தலாம். ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் இடையிடையே நிறுத்திக் கலந்துரையாடலாம். வழக்கம்போல் நோக்குவோம், சிந்திப்போம், செயற்படுவோம் என்ற மூன்று படிகளில் பாடம் அமைந்துள்ளது.

1. நோக்குவோம்

பதுளை நகரிலிருந்து பசறை வீதி வழியே செல்வோர் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தைக் காண்பர். 2005-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இப்பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் ஒரு பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. கொழுந்து பறித்த கைகள் வளர்த்தெடுத்த பிள்ளை, அதே தேயிலையை ஆய்வுகூடத்தில் கற்கும் வாய்ப்பு நம் மாகாணத்திலேயே உண்டு. இது நமக்குப் பெருமை தரும் விடயம்.

அப்பிள்ளையின் கையில் இன்று ஒரு கைத்தொலைபேசியும் இருக்கிறது. விரிவுரை நேரம், பரீட்சை அறிவித்தல், விடுதி அனுமதி, உதவிப்பணம், வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் அந்தச் சிறு கருவி வழியாகவே வருகின்றன. திருடனும் அதே வழியாகவே வருகிறான். அவன் எப்படி வருகிறான் என்பதைக் காட்ட ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். இது ஒரு குறிப்பிட்ட வீட்டில் நடந்ததன்று. இத்தகைய மோசடிகள் பொதுவாக நடைபெறும் முறையை விளக்குவதற்காக நாம் அமைத்துக்கொண்ட சம்பவம்.

தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் கற்கிறாள். ஒரு மாலை வேளையில் அவளது தொலைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. அரச இலச்சினை பொறித்த செய்தி. 'உங்கள் மகாபொலக் கொடுப்பனவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இன்று நள்ளிரவுக்குள் விபரங்களைப் புதுப்பிக்காவிட்டால் அது இரத்தாகும்' என்பது அதன் பொருள். கீழே ஓர் இணைப்பு. அதை அழுத்தியதும் வங்கியின் பக்கத்தைப் போன்ற ஒரு பக்கம் திறக்கிறது. அடையாள அட்டை இலக்கம், கணக்கு இலக்கம், அட்டை இலக்கம் ஆகியவற்றை அது கேட்கிறது. அவள் நிரப்புகிறாள். சில நிமிடங்களில் ஓர் அழைப்பு. 'தங்கச்சி, நான் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் தொலைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும். அதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள், வேலை முடிந்துவிடும்' என்று ஒருவர் கனிவாகக் கூறுகிறார். அவள் வாசித்துக் காட்டுகிறாள்.

கணக்கில் இருந்த 54,000 ரூபாவும் போய்விட்டது. விடுதிச் செலவுக்கும் படிப்புச் செலவுக்குமாகத் தாய் சேமித்துச் சேர்த்த பணம் அது. 2024 செப்டெம்பரில் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்கிட்டால், பிடிப்பனவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அது நாற்பது நாள் வேலை. நாற்பது நாள் அட்டைக்கடியும் மழையும் வெயிலும் பத்து நிமிடத்தில் மறைந்துபோயின.

அந்த மாணவி யாரிடமும் சொல்லவில்லை. 'கம்பஸ் போன பிள்ளை இப்படி ஏமாந்துவிட்டாளே' என்று ஊர் சிரிக்கும் என அஞ்சினாள். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் 'எல்லாம் சரிம்மா' என்றாள். ஒருவேளை உணவைக் குறைத்தாள். மூன்று கிழமைகள் கடந்தன. அந்த மூன்று கிழமைகளில் அதே செய்தி அதே விடுதியில் இன்னும் இருவருக்கு வந்தது. அவர்களும் பணத்தை இழந்தார்கள். அவர்களும் பேசவில்லை.

இறுதியில் விடயம் தாய்க்குத் தெரிந்தபோது அவர் கேட்டது இதுதான்: 'காசு போனா போகுது புள்ள. மூணு கெழமையா இத மனசுல வச்சிக்கிட்டு நீ எப்புடி இருந்த?'

இங்கே சற்று நிறுத்துவோம். இச்சம்பவத்தில் திருட்டு நடந்தது பத்து நிமிடம். மௌனம் நீடித்தது மூன்று கிழமை. எதனால் அதிக நட்டம் உண்டானது? இக்கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மோசடியின் பல முகங்கள்

பல்கலைக்கழக மாணவர்களை நாடி வரும் மோசடிகள் பலவகை. அவற்றுள் முக்கியமான ஐந்தை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலாவது, போலிச் செய்தி. மேலே கண்ட சம்பவம் இவ்வகையைச் சார்ந்தது. வங்கி, தபால் திணைக்களம், பல்கலைக்கழக நிர்வாகம் ஆகியவற்றின் பெயரைப் பூண்டு வரும். தூண்டிலில் இரையைக் கோத்து வீசுவது போன்றது இது. ஆறு இலக்க எண் என்பது பணத்தை வெளியே விடுவதற்கு வங்கி கேட்கும் கடைசிச் சம்மதம். அதைச் சொல்வது வெற்றுக் காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

இரண்டாவது, கணக்கைக் கைப்பற்றுதல். நண்பனின் வாட்ஸ்அப்பிலிருந்து, 'தவறுதலாக என் எண் உனக்கு வந்துவிட்டது, அனுப்பிவிடு' என்று செய்தி வரும். உண்மையில் அது உங்கள் வாட்ஸ்அப் கணக்கை வேறொரு தொலைபேசியில் திறப்பதற்கான எண். அனுப்பியதும் உங்கள் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில், உங்கள் படத்துடன், உங்கள் மாமாவிடமும் சித்தியிடமும் 'அவசரமாக இருபதாயிரம் வேண்டும்' என்று கேட்பான். அவர்கள் உங்களை நம்பியே கொடுப்பார்கள்.

மூன்றாவது, பகுதிநேர வேலை. வீட்டிலிருந்தபடியே காணொளிகளுக்கு விருப்பக்குறி இட்டால் பணம் என்பார்கள். முதல் நாள் ஐந்நூறு ரூபா உண்மையாகவே வரும். அது இரை. அடுத்த நாள் 'பெரிய வேலைக்கு ஐயாயிரம் வைப்பிலிட வேண்டும்' என்பார்கள். பின்னர் பதினையாயிரம். போட்ட பணத்தை மீட்பதற்காக மேலும் மேலும் போட வைப்பதே இதன் தந்திரம்.

நான்காவது, ஆள் சேர்க்கும் முதலீடு. 'நீ ஐந்து பேரைச் சேர், அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்க்கட்டும்' என்பதே இதன் அடிப்படை. இதைக் கரும்பலகையில் கணக்கிட்டுப் பாருங்கள். முதற்படியில் 5 பேர், இரண்டாம் படியில் 25, மூன்றாம் படியில் 125. ஒன்பதாம் படியில் 1,953,125 பேர். ஊவா மாகாணத்தின் மொத்தச் சனத்தொகையே அவ்வளவு இல்லை. பதினோராம் படியில் 48,828,125 பேர் தேவை. முழு இலங்கையிலும் ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம் பேரே வாழ்கிறோம். ஆகவே இத்திட்டம் உடைந்தே தீரும். உடையும்போது கடைசியாகச் சேர்ந்தவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். கடைசியாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். ஏனெனில் செய்தி அவர்களிடம் கடைசியாகவே வந்து சேர்கிறது.

வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு இத்தகைய பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கிறது. திட்டத்தைத் தொடங்குபவர் மட்டுமன்றி, விளம்பரப்படுத்துபவரும் அதனை முன்னெடுப்பவரும் குற்றவாளிகளே. 2023-இல் இலங்கை மத்திய வங்கி ஒன்மெக்ஸ் டி.ரி., ஸ்போர்ட்ஸ் செயின் முதலியவற்றைத் தடைசெய்யப்பட்ட திட்டங்கள் எனப் பெயர் குறிப்பிட்டு அறிவித்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் எம்.ரி.எவ்.ஈ. என்ற செயலி சரிந்தபோது இலங்கையிலும் பங்களாதேஷிலும் நைஜீரியாவிலும் பெருந்தொகையானோர் பணத்தை இழந்தனர். அறியாமல் நண்பனைச் சேர்த்துவிட்ட மாணவன் பணத்தையும் இழக்கிறான், நட்பையும் இழக்கிறான், சட்டத்தின் முன்னும் நிற்க நேரிடுகிறது.

ஐந்தாவது, வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டல். 'உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும். நீ எடுத்துக் கொடு, உனக்கு ஐயாயிரம் தருகிறேன்' என்பார்கள். மாணவனுக்கு இது பாவமற்ற உதவியாகத் தோன்றும். ஆனால் அப்பணம் வேறொரு தாயிடமிருந்து திருடப்பட்டது. விசாரணை வரும்போது கணக்கின் சொந்தக்காரரையே பொலிசார் முதலில் தேடி வருவார்கள். 2006-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கப் பணந்தூயதாக்கல் தடுப்புச் சட்டம் இதைப் பாரிய குற்றமாகவே கருதுகிறது. பட்டம் பெற்று வெளியேறும் வேளையில் வழக்கு ஒன்றைத் தோளில் சுமந்து செல்லும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

திருடுபவரும் அடிமைகளாய்

மறுமுனையில் பேசுபவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். 2023 ஓகஸ்டில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இணைய மோசடி நிலையங்களில் பலவந்தமாக வேலை வாங்கப்படக்கூடும் என அது மதிப்பிட்டது. தகவல் தொழில்நுட்ப வேலை, நல்ல சம்பளம் என்ற வாக்குறுதியை நம்பிச் சென்ற இளைஞர்களின் கடவுச்சீட்டைப் பறித்து, அடித்து, பிறரை ஏமாற்றும் வேலையில் ஈடுபடுத்துகிறார்கள். தாய்லாந்து எல்லையை அண்டிய மியாவாடிப் பகுதியில் இவ்வாறு சிக்கிய இலங்கையர் பலர் 2024-இல் மீட்கப்பட்டனர்.

இது எங்கோ தூரத்தில் நடப்பதென்று எண்ண வேண்டாம். 2024 ஒக்டோபரில், கண்டிக்கு அருகிலுள்ள குண்டசாலையில், இணைய மோசடியில் ஈடுபட்டதாகக் கூறி நூற்றுக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர்களைப் பொலிசார் கைதுசெய்தனர். மலைநாட்டின் நடுவிலும் இத்தொழில் கூடாரமடித்திருந்தது.

பெரிய வங்கியும் விழுந்தது

'படிக்காதவர்கள்தாம் ஏமாறுவார்கள்' என்பது தவறான எண்ணம். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியே திருட்டுக்கு இலக்கானது. வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை எடுக்க முயன்றனர். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குச் சென்றது. 2 கோடி டொலர் நம் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது.

இவ்வளவு பெரிய வங்கிக்குள் அவர்கள் புகுந்த வழி என்ன? 2018-இல் அமெரிக்க அரசு நீதிமன்றத்தில் முன்வைத்த ஆவணத்தின்படி, வேலை தேடும் ஒருவரின் பெயரில் மின்னஞ்சல்கள் முன்னரே அனுப்பப்பட்டிருந்தன. 'என் தகைமை விபரத்தை இந்த இணைப்பில் பாருங்கள்' என்ற பணிவான கடிதம். அதாவது மகாபொலச் செய்திக்கும் மத்திய வங்கிக்கு வந்த கடிதத்திற்கும் தன்மையில் வேறுபாடு இல்லை. திருட்டு நடந்த நேரமும் தெரிந்தெடுக்கப்பட்டது. வியாழன் இரவு தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை பங்களாதேஷில் விடுமுறை. யாரும் யாரையும் கேட்டறிய முடியாத வேளையே கள்வனுக்கு உகந்த வேளை.

இலங்கைக்கு வந்த 2 கோடி டொலர் எப்படித் தப்பியது என்பதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பணம் பெறும் அமைப்பின் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் எழுத்துப்பிழையுடன் இருந்தது. இடையிலிருந்த வங்கியொன்று அதைக் கண்டு சந்தேகித்து, 'இது சரிதானா?' என்று திருப்பிக் கேட்டது. அந்த ஒரு கேள்வியால் பணம் நின்றது, திரும்பிச் சென்றது. ஒருவர் நிதானித்து இன்னொருவரிடம் கேட்டதே அங்கே பாதுகாப்பாக அமைந்தது.

2. சிந்திப்போம்

இப்போது, நம் பிள்ளைகள் ஏன் எளிதில் இலக்காகிறார்கள் என்பதைச் சிந்திப்போம். குறை அவர்களது அறிவில் இல்லை. நம் வாழ்வு அமைந்திருக்கும் விதத்தில் சில காரணங்கள் உள்ளன.

முதற்காரணம், நம்பிக்கை ஊட்டும் வாக்குறுதி. இது நமக்குப் புதிதன்று. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி நம் முன்னோரை அழைத்துவந்ததாக மலையகத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அழைத்துவந்தவர் அந்நியரல்லர். சொந்த ஊர்க்காரர், சில வேளை உறவினர். கங்காணியின் பேச்சை அவர்கள் நம்பியதற்குக் காரணம் அந்த உறவே. கடன் அவர்களைக் கட்டிப் போட்டது. தொழிலாளியின் கடனை எழுதிய துண்டுச் சீட்டோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்கு ஆட்களைக் கைமாற்றும் துண்டு முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று 'அண்ணா சொன்னார்', 'நம்ம தோட்டத்து அக்காதான் சேர்த்துவிட்டார்' என்ற சொற்களோடு வரும் முதலீட்டுத் திட்டமும் அதே வழியில்தான் நடக்கிறது. முதலில் உறவு, பிறகு வாக்குறுதி, பிறகு கடன்.

இரண்டாம் காரணம், அந்தரங்கம் பழகாத வாழ்வு. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீடு. கடிதம் தோட்டக் காரியாலயத்திற்கு வந்து, பல கைகள் மாறி நம்மிடம் சேர்ந்தது. வங்கிப் படிவத்தை நிரப்ப வேறொருவர் உதவ வேண்டியிருந்தது. அட்டையையும் இரகசிய எண்ணையும் இன்னொருவரிடம் கொடுத்துப் பணம் எடுத்துவரச் சொல்வது இன்றும் பல வீடுகளில் சாதாரணம். இது நல்லெண்ணத்தால் வந்த பழக்கமே. ஆனால் இவ்வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, ஆறு இலக்கங்களை ஒருவரிடம் சொல்வது ஆபத்தாகத் தோன்றாது.

மூன்றாம் காரணம், மொழி. பல்கலைக்கழகத்தில் கற்கை ஆங்கிலத்தில், அலுவலகப் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். தமிழில் உயர்தரம் வரை கற்று வந்த பிள்ளை, முழுதாக விளங்காத அறிவித்தல்களோடு பழகிவிடுகிறது. விளங்காததைக் கேட்டால் தாழ்வாக நினைப்பார்களோ என்று பேசாமல் இணைப்பை அழுத்திவிடுகிறது.

நான்காம் காரணம், பணிந்து போகும் பழக்கம். தோட்டத்தில் பெரட்டுக் களம் முதல் காரியாலய யன்னல் வரை, மேலிடத்திலிருந்து வரும் குரலுக்குக் கேள்வி கேட்காமல் பணியும்படி தலைமுறைகளாக நாம் பழக்கப்பட்டோம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் மூத்த மாணவர்களின் அதட்டல். பகிடிவதை 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட குற்றம் என்றாலும், அதன் பயம் முற்றாக நீங்கவில்லை. ஆகவே 'நான் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன்' என்ற ஒரு வசனமே போதுமாகிவிடுகிறது.

ஐந்தாம் காரணமே மிகப் பெரியது. அது வெட்கம். ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போனால், அப்பிள்ளை தன் குடும்பத்தின் மானத்தை மட்டுமன்றி, தோட்டம் முழுவதினதும் எதிர்பார்ப்பையும் சுமந்து செல்கிறது. விழுந்தால் எழுந்து சொல்ல அதற்கு இடமில்லை. இதை மோசடிக்காரன் நன்கு அறிவான். 'இதை யாரிடமும் சொல்லாதே' என்று அவன் கூறுவதும், படங்களை வைத்து மிரட்டிப் பணம் பறிப்பதும் இந்த வெட்கத்தை நம்பியே.

எனவே இப்பாடத்தின் மையக் கருத்தை இப்படிக் கூறலாம். மோசடிக்காரன் கணினியை உடைப்பதில்லை. நம் நம்பிக்கையைத் திறவுகோலாக்கி உள்ளே வருகிறான். நம் வெட்கத்தைத் தாழ்ப்பாளாக்கி உள்ளேயே தங்கிவிடுகிறான். திறவுகோலைக் கொடுக்காதிருக்க ஒவ்வொருவரும் பழக வேண்டும். தாழ்ப்பாளைத் தனியாளால் உடைக்க முடியாது. அதற்கு ஒரு சமூகம் வேண்டும். ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கும் விடுதியில் அடுத்தவரும் ஏமாறுவார். ஏமாந்தவர் அன்றிரவே வாய்திறந்து சொல்லக்கூடிய விடுதியில் அம்மோசடி ஒருவரோடு நின்றுவிடும்.

3. செயற்படுவோம்

அ. மூன்று கேள்விகள்

எந்தச் செய்தி வந்தாலும், எந்த அழைப்பு வந்தாலும் பின்வரும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

இவர் என்னை அவசரப்படுத்துகிறாரா?
இதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறாரா?
இரகசிய எண்ணையோ முன்பணத்தையோ கேட்கிறாரா?

மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்ற விடை வந்தாலும் தொலைபேசியை வைத்துவிடுங்கள். பிறகு அந்த அலுவலகத்தின் உண்மையான இலக்கத்தை நீங்களே தேடி அழையுங்கள், அல்லது நேரில் செல்லுங்கள். வங்கியின் இலக்கம் உங்கள் அட்டையின் பின்புறத்திலேயே இருக்கும். செய்தியில் வந்த இலக்கத்தை அழைத்தால் அதே திருடன்தான் பேசுவான்.

ஆ. அன்றாடப் பழக்கங்கள்

மின்னஞ்சலின் கடவுச்சொல் வேறெந்தக் கணக்கிற்கும் பயன்படாததாக இருக்கட்டும். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி பெரும்பாலும் மின்னஞ்சல் ஊடாகவே செல்வதால், அது வீட்டின் தலைவாசல் சாவியைப் போன்றது. பிறந்த திகதியையோ பெயரையோ கடவுச்சொல்லாக வைக்க வேண்டாம். நீங்கள் மட்டும் நினைவில் வைத்திருக்கக்கூடிய நான்கைந்து சொற்களைக் கோத்து வைத்தால் அது நீளமாகவும் வலுவாகவும் இருக்கும். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இரட்டைச் சரிபார்ப்பு வசதியை இன்றே செயற்படுத்துங்கள். கணினிக்கூடத்தில் வேலை முடிந்ததும் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிய பின்பே எழுந்து செல்லுங்கள். யாரோ அனுப்பிய செயலியைத் தொலைபேசியில் ஏற்ற வேண்டாம். உங்கள் திரையை அவர்கள் பார்க்கும்படி செய்யும் செயலி என்றால் ஒருபோதும் வேண்டாம். அடையாள அட்டையின் படத்தைக் குழுக்களில் பகிர வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் பெயரில் பணம் கேட்டு எழுத்தில் செய்தி வந்தால், பிள்ளையின் குரலைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். குரலையும் இக்காலத்தில் கணினியால் போலியாகச் செய்ய முடிகிறது. ஆகவே வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்குட்டியின் பெயராக இருந்தாலும் போதும்.

இ. ஏமாந்துவிட்டால்

முதல் ஒரு மணிநேரம் பெறுமதி மிக்கது. உடனே வங்கியை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் நிறுத்தச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள், அவையே சாட்சி. திரைப்படம் பிடித்து, நேரத்தையும் இலக்கத்தையும் குறித்து வையுங்கள். பின்னர் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறையிடுங்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களை விசாரிப்பதற்கென்று ஒரு பிரிவு உள்ளது. 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் பிறருடைய கணக்கிற்குள் அனுமதியின்றிப் புகுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. இலங்கை சேர்ட் எனப்படும் அரச கணினி அவசர நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை பெறலாம். வங்கி உங்கள் முறைப்பாட்டைக் கவனிக்காவிட்டால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 இலக்கத்தில் அழைக்கலாம். வெளிநாட்டு வேலை என்றால், முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் முதலில் கேட்டறியுங்கள்.

தமிழில் முறையிடத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்துடன் தமிழும் அரசகரும மொழியாயிற்று. தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு நமக்குத் தந்துள்ளது. இவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவதும் விழிப்புணர்வின் ஒரு பகுதியே.

படத்தை வைத்து ஒருவர் மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மீண்டும் கேட்பார். நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். மேலும், 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள்' என்று வருபவரும் திருடரே. ஏமாந்தவரின் பட்டியல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு விலைபோகிறது.

ஈ. சேர்ந்து செய்ய வேண்டியவை

விடுதியில் ஒவ்வொரு மாடிக்கும் இருவர் பொறுப்பெடுக்கலாம். சந்தேகமான செய்தி வந்தால் அவர்களிடம் காட்ட வேண்டும். அவர்கள் தாள் ஒன்றில் எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்ட வேண்டும். பணத்தை இழந்தவரின் பெயர் அதில் வரக்கூடாது. கேலி செய்வதில்லை என்று எல்லோரும் உடன்பட வேண்டும். மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் செய்யக்கூடிய நல்ல வரவேற்பு இதுவாகும்.

கணினி கற்கும் மாணவர்கள் விடுமுறையில் வீடு செல்லும்போது, தம் தோட்டத்து மாதர் சங்கத்தில் ஒரு மணிநேரம் இப்பாடத்தைத் தமிழில் நடத்தலாம். அடுத்த வீட்டுப் பாட்டிக்கு அட்டையின் இரகசிய எண்ணைத் தானே அழுத்தப் பழக்கிக் கொடுப்பதும் ஒரு சமூகப் பணியே. கற்ற கல்வி லயத்துக்குத் திரும்பி வருவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படும் நாளிலேயே இதைச் சொல்லி அனுப்புங்கள்: 'காசு போனாலும் பரவாயில்ல. எங்ககிட்ட சொல்லாம மட்டும் இருந்திடாத.' இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுச் சென்ற பிள்ளையை மோசடிக்காரனால் தனிமைப்படுத்த முடியாது.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. மேலே கூறப்பட்ட சம்பவத்தில் மாணவி எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்டிருக்கலாம்? அவள் முதல் நாளே பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

2. நம் தோட்டத்தில் அல்லது விடுதியில் இத்தகைய மோசடியில் பணம் இழந்தவர் உண்டா? பெயர் கூறாமல், அது நடந்த விதத்தை மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள். அப்போது நாம் அவரை எப்படி நடத்தினோம்?

3. 'ஐந்து பேரைச் சேர்' என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். நம் தோட்டத்தின் மொத்தக் குடும்பங்களும் எத்தனையாம் படியில் முடிந்துபோகின்றன?

4. உங்களுக்கு வந்த செய்தியொன்றை எடுத்து, மூன்று கேள்விகளையும் அதற்குப் பொருத்திப் பாருங்கள்.

5. அடுத்த கூட்டத்திற்கு முன்னர் நாம் செய்யப்போகும் ஒரு செயலைத் தீர்மானித்து, பொறுப்பானவரின் பெயரையும் செய்து முடிக்கும் திகதியையும் எழுதி வையுங்கள்.